சொந்தமாகக் கட்டிய விமானத்தில் கார் எஞ்சின்: ட்யூனிங், பராமரிப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் சொந்தமாகச் சிறு விமானம் கட்டிக்கொண்டிருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள எங்கள் பட்டறைக்கு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. வெளிநாட்டார் எழுதிவைத்திருக்கும் குறிப்புகள் அவர்கள் ஊர்க் குளிருக்கும் அவர்கள் பெட்ரோலுக்கும் பொருந்துபவை. நம்முடைய உப்புக்காற்றும் ஐப்பசி மழையும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலும் அவற்றில் வருவதில்லை. அதனால் நம் ஊருக்குத் தகுந்தபடி பதில்களை எழுதியிருக்கிறேன்.

கார் எஞ்சினை வைத்துப் பறப்பது உண்மையிலேயே நடக்கிற காரியமா?

நடக்கிற காரியம்தான். நூறு வருடத்தை நெருங்கும் பழக்கம் இது. அமெரிக்காவின் மினசோட்டாவில் பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர் 1929இல் ஃபோர்டு மாடல் ஏ காரின் எஞ்சினைத் தன் மர விமானத்தில் பொருத்திப் பறந்தார். அது தந்தது 40 குதிரைத்திறன்தான். பின்னாளில் அவரே ஷெவர்லே கோர்வேரின் ஆறு சிலிண்டர் எஞ்சினையும் வைத்துப் பறந்தார். ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் எஞ்சின், அதன் பிறகு சுபாரு, சுசுகி, மாஸ்டாவின் ரோட்டரி என்று வரிசை நீண்டது.

நம்பிக்கையாகப் பறந்த எஞ்சின்களும் உண்டு, வயலில் இறக்கிய எஞ்சின்களும் உண்டு. இறங்கியவற்றின் கதையைத் தோண்டிப் பார்த்தால் பிஸ்டன், கிராங்க் உடைந்த கதைகளை விட பெட்ரோல் வராமல் போனது, கரண்ட் நின்றது, தண்ணீர் ஒழுகியது, எஞ்சின் சுற்றைக் குறைத்துப் புரொப்பல்லருக்குத் தரும் ரிடக்‌ஷன் பெல்ட் அறுந்தது போன்றவைதான் அதிகம். கம்பெனிக்காரன் கட்டிய பகுதி பெரும்பாலும் தாங்கிவிடும். அதைச் சுற்றி நாம் கட்டியதுதான் கைவிடும். கீழே உள்ள பதில்களில் எஞ்சினுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பதைப் பற்றி அதிகம் பேசுவது அதனால்தான்.

காரில் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிற எஞ்சின், விமானத்தில் மட்டும் ஏன் இவ்வளவு கவனிப்பு கேட்கிறது?

ஈசிஆரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு சின்னக் கார் 15, 20 குதிரைத்திறன்தான் எடுத்துக்கொள்கிறது. 80 குதிரைத்திறன் எஞ்சினில் அது கால்வாசி. முந்துவதற்காக முழுதாக மிதித்தால் பத்து விநாடி, அதற்குமேல் காலை எடுத்துவிடுவோம். விமானத்தில் கிளம்பும்போது முழுத் திறன். ஏறும்போதும் கிட்டத்தட்ட அதே. மட்டமாகப் பறக்கும்போது மணிக்கணக்கில் 65 முதல் 75 சதவீதம். சிலிண்டர் ஹெட்டும் எக்ஸாஸ்ட் வால்வும் ஆயிலும் இந்தச் சூட்டை இளைப்பாறாமல் தாங்க வேண்டும்.

ஆகவே "ஹெட்டைச் சீவி கம்ப்ரஷன் ஏற்றலாமா, கேம் மாற்றலாமா" என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றே: வேண்டாம். கம்பெனி சொன்ன திறனுக்குக் கொஞ்சம் கீழேயே ஓட்டுங்கள். இங்கே ட்யூனிங் என்பது திறனைக் கூட்டும் வேலையே இல்லை. சூட்டிலிருந்தும், பெட்ரோல் தானாகவே வெடித்துத் தட்டுவதிலிருந்தும் எவ்வளவு விலகி நிற்கிறோம் என்பதுதான்.

எந்த எஞ்சினை எடுக்கலாம்?

மூன்றைத்தான் நான் பொருட்படுத்திப் பேசுவேன்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் எஞ்சினுக்குத் தண்ணீர் கிடையாது, ரிடக்‌ஷன் கிடையாது, நேரடியாக கிராங்கிலேயே புரொப்பல்லர். இருப்பதற்குள் எளிமையானது. ஆனால் கடலோரத்தில் ஒரு பெரிய தலைவலி உண்டு. அதன் பழைய கிராங்க்கேஸ் மெக்னீசியக் கலவையில் வார்த்தது. உப்புக்காற்றில் மெக்னீசியம் அலுமினியத்தைவிட வேகமாக அரிக்கும். முதலில் பெயின்ட் கொப்புளிக்கும், விரலால் தேய்த்தால் வெள்ளைத் தூள் உதிரும், அதன் அடியில் குழி விழுந்திருக்கும். தேவனாம்பட்டினம் மாதிரி கரையை ஒட்டிய இடத்தில் வைத்திருப்பவர், எடை சில கிலோ கூடினாலும் அலுமினியக் கேஸ் வாங்குவதே நல்லது.

சுபாரு ஈஏ81 என்பது 1.8 லிட்டர், நான்கு சிலிண்டரும் படுத்திருக்கும் அலுமினிய எஞ்சின். வெளிநாட்டில் நிறையப் பறந்திருக்கிறது. நமக்கு உதிரி பாகம் கிடைப்பதுதான் பாடு.

சுசுகி ஜி13 நம் ஜிப்சியிலும் எஸ்டீமிலும் வந்த 1.3 லிட்டர் எஞ்சின். பிளாக்கும் அலுமினியம் என்பதால் எடை குறைவு. பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் மெக்கானிக்கும் கிடைப்பார். நம் வட்டாரத்துக்கு என் ஓட்டு இதற்கே. ரேடியேட்டரும் ரிடக்‌ஷனும் கட்டாயம் வேண்டும் என்பது இதன் விலை.

புல்லட் எஞ்சின் வேண்டாம்; ஒற்றைச் சிலிண்டரின் உதறலை இலேசான சட்டகம் தாங்காது. கார் டீசலும் வேண்டாம், எடை ஒத்துவராது.

ரிடக்‌ஷன் இல்லாமல் நேரடியாகவே புரொப்பல்லரை மாட்டினால் என்ன?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 அங்குல புரொப்பல்லரை 3,000 ஆர்பிஎம்மில் சுற்றினால் அதன் நுனி விநாடிக்குச் சுமார் 240 மீட்டர் வேகத்தில் போகும். அதையே 5,500இல் சுற்றினால் 440 மீட்டருக்குப் பக்கம். ஒலியின் வேகம் நம் ஊர் வெயிலில் சுமார் 350. நுனி ஒலியின் வேகத்தை நெருங்கினாலே இழுவை போய்ச் சத்தம்தான் மிஞ்சும். சுசுகி மாதிரி எஞ்சின் தன் திறனை 5,000க்கு மேல்தான் தருகிறது. அதனால் 2.2க்கு 1 என்கிற மாதிரி ஒரு குறைப்பு வேண்டும்: எஞ்சின் 5,500, புரொப்பல்லர் 2,500.

இதில் ஆபத்து முறுக்கு அதிர்வு. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு அடி கொடுக்கிறது. புரொப்பல்லர் கனமான சக்கரம், சீராகவே சுற்றப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பெல்ட்டும் கியரும் முன்னும் பின்னுமாக முறுக்கப்படும். ஏதோ ஒரு ஆர்பிஎம்மில் இந்த முறுக்கு எஞ்சினின் அடியோடு ஒத்துப்போய் பல மடங்காகும். ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே கடகடவென்று உலுக்குவது பெரும்பாலும் இதுதான். அந்த இடத்தை டேக்கோமீட்டரில் சிவப்பாகக் குறித்துவிடுங்கள். அங்கே நிறுத்தவே கூடாது, கடந்து போய்விட வேண்டும். ஐடிலை அதற்கு மேலே வையுங்கள். காரில் 800இல் நின்ற எஞ்சினை இங்கேயும் 800இல் நிறுத்துவது கியர் பல்லைத் தின்றுவிடும்.

பல் பெல்ட் என்றால் ஒவ்வொரு முறை கவுலிங்கை (எஞ்சினை மூடும் உறையை) திறக்கும்போதும் இழுவிசை பாருங்கள்; பல்லின் அடியில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்; கீழே கறுப்புத் தூள் படிந்திருந்தால் கப்பி இரண்டும் ஒரே கோட்டில் இல்லை என்று அர்த்தம்.

காற்று-பெட்ரோல் மிக்சரை எப்படி அமைப்பது? காரில் ஓடியபடியே விட்டுவிடலாமா?

விடக்கூடாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கலப்பில்லாத பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது சரியாக எரிந்து தீரும் கணக்கு. நம் பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அதற்கு அந்தக் கணக்கு 13.5 பக்கம் இறங்கிவிடும். பழைய பெட்ரோலுக்கு ஜெட் (பெட்ரோல் வரும் துளை) வைத்த கார்புரேட்டரில் இ20 ஊற்றினால் எஞ்சின் ஏறக்குறைய 8 சதவீதம் லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, ஓடும். காரில் அது சின்ன இழுவைக் குறைவோடு போய்விடும். முழுத் திறனில் ஏறிக்கொண்டிருக்கும் விமானத்தில் அது எக்ஸாஸ்ட் வால்வை எரிக்கும், பிஸ்டனில் ஓட்டை போடும்.

ஜெட்டின் எண் அதன் துளை விட்டத்தைக் குறிப்பதாக இருந்தால், எட்டொன்பது சதவீதம் கூடுதல் பெட்ரோலுக்கு விட்டம் நாலு சதவீதத்துக்குச் சற்று மேல் கூடினால் போதும். 130 ஜெட் இருந்த இடத்தில் 135 போட்டு ஆரம்பிக்கலாம். அதற்குப் பிறகு அகன்ற அளவு ஆக்சிஜன் சென்சாரை எக்ஸாஸ்டில் மாட்டி லாம்டாவைப் பாருங்கள்; சரியாக எரிந்து தீரும் அளவு 1, அதற்குக் கீழே போனால் பெட்ரோல் அதிகம். காற்று-பெட்ரோல் விகித எண்ணைப் பார்க்காதீர்கள். மீட்டர் சுத்தப் பெட்ரோல் என்று நினைத்துக்கொண்டு கணக்குச் சொல்லும். லாம்டா எந்த எரிபொருளுக்கும் பொதுவானது. முழுத் திறனில் 0.82 முதல் 0.86, மட்டமாகப் பறக்கும் திறனில் 0.9 ஒட்டி என்று வைத்தால் நிம்மதி.

சென்சார் சொல்வது எல்லாச் சிலிண்டருக்குமான சராசரி. நடுவில் ஒரே கார்புரேட்டரும் நீண்ட குழாய்களும் உள்ள ஃபோக்ஸ்வாகனில் ஒரு சிலிண்டர் ரிச்சாகவும் இன்னொன்று லீனாகவும் ஓடுவது சகஜம். அதனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் எக்ஸாஸ்ட் வெப்பமானியும் ஹெட் வெப்பமானியும் வேண்டும். நான்கில் எது மிகவும் லீனோ அதற்குத் தகுந்தபடிதான் ஜெட் வைக்க வேண்டும். மற்ற மூன்றும் கொஞ்சம் கூடுதலாகக் குடித்தால் குடித்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாக பிளக் பார்ப்பது. முழுத் திறனில் ஓட்டி, ஐடிலுக்கு இறக்காமல் அப்படியே நிறுத்திக் கழற்றுங்கள். பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் சரி. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தாலோ, மேலே ஊசிமுனை அளவு பளபளக்கும் புள்ளிகள் தெரிந்தாலோ அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள். அந்தப் புள்ளிகள் பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம்.

என் பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். 100 மில்லி அளவுக் குடுவை ஒன்று வாங்குங்கள். 20 மில்லி தண்ணீர், மேலே 80 மில்லி பெட்ரோல். மூடி குலுக்கி, வெளியில் நிழலில் பத்து நிமிடம் வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். 20 கோட்டில் இருந்த தண்ணீர் 35 பக்கம் ஏறியிருந்தால் அது இ20. கோடு அசையவே இல்லையென்றால் எத்தனால் இல்லை. பங்கில் எழுதியிருப்பதை நம்புவதைவிட ஒவ்வொரு கேனிலும் இதைச் செய்து பாருங்கள்.

எத்தனால் செய்யும் மற்ற சேட்டைகள் மூன்று. முதலாவது, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் பாதி டேங்க் பெட்ரோலை மாதக்கணக்கில் வைத்தால், ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். எஞ்சினுக்குப் போகும் குழாயின் வாயும் அங்கேதானே இருக்கிறது. இரண்டாவது, ரெசின் ஊறும். கடலூரில் பைபர் படகு செய்பவர்கள் பயன்படுத்தும் அதே பாலியஸ்டர் ரெசினில் டேங்க் வார்த்தால் அது மெல்ல இளகி, பிசினாகக் கரைந்து ஜெட்டை அடைக்கும். அலுமினிய டேங்கே மேல். ஒழுகலை அடைக்க உள்ளே பூசும் பழைய வகைப் பூச்சும் எத்தனாலில் உரிந்து வரும். மூன்றாவது, சாதாரண ரப்பர் ஓஸ் வெடிக்கும். எத்தனாலையும் தாங்கும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தர ஓஸ் வாங்குங்கள். வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள்.

அப்படியானால் விமானப் பெட்ரோலையே ஊற்றிவிடலாமே?

ஏவிகேஸ் 100எல்எல் இப்போது நம் நாட்டிலேயே தயாராகிறது. இந்தியன் ஆயில் 2022இல் வடோதரா சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கொண்டுவந்தது. எத்தனால் இல்லை, பல மாதம் கெடாது. ஆனால் லிட்டருக்கு அரை கிராமுக்குச் சற்று மேல் வரை ஈயம் இருக்கலாம். ஆக்சிஜன் சென்சார் சீக்கிரம் செத்துப்போகும், பிளக்கில் சாம்பல் நிற உருண்டைகள் சேரும், ஆயிலில் ஈயச் சேறு படியும். சென்சாரை நம்பித் தானே மிக்சரைத் திருத்திக்கொள்ளும் கார் ஈசியூவுடன் (எஞ்சினை நடத்தும் கணினி) இதை ஊற்றினால், சென்சார் பொய் சொல்ல ஆரம்பிக்கும்போது மிக்சரும் கெடும். ஊற்றுவதாக இருந்தால் சென்சார் இல்லாமலே ஓடும்படி மேப் (ஈசியூவுக்கான பெட்ரோல் அளவு அட்டவணை) போடுங்கள்.

இக்னிஷன் டைமிங் (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் பிளக் பொறி விடும் நேரம்) எவ்வளவு?

காருக்குச் சொன்னதைவிட இரண்டு, மூன்று டிகிரி பின்னால். ஃபோக்ஸ்வாகனில் முழு அட்வான்ஸ் 28 முதல் 30 டிகிரி போதும். கவுலிங்குக்குள் காற்றும் புரொப்பல்லரும் போடும் இரைச்சலில் தட்டல் சத்தம் உங்கள் காதுக்கு எட்டவே எட்டாது. கார் ஓட்டி காதில் பழகியது இங்கே உதவாது. திறனில் ஐந்து சதவீதம் போனால் போகட்டும்.

காரின் ஈசியூவை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

எனக்கு இதில் உடன்பாடில்லை. கார் ஈசியூ எஞ்சினைக் காப்பாற்றப் பார்க்கும். ஒரு சென்சார் கோணலாகச் சொன்னால் திறனைக் குறைத்து, "ஓரமாக நிறுத்து" என்று விளக்கைப் போடும். மரத்துக்கு மேல் ஐம்பதடி உயரத்தில் ஓரமாக நிறுத்த இடமில்லை. ரிடக்‌ஷன் கியரின் சத்தத்தைத் தட்டல் என்று நினைத்து டைமிங்கைப் பின்னால் இழுக்கவும் கூடும். சாவியோடு பேசிக்கொள்ளும் இம்மொபிலைசர் வேறு. மேப்பை நீங்களே எழுதக்கூடிய தனி ஈசியூ, அதுவும் இரண்டு, அல்லது ஒரு நல்ல கார்புரேட்டரும் இரண்டு தனித்தனி இக்னிஷனும் – இதுதான் என் யோசனை.

கரண்டில் ஓடும் எஞ்சினுக்குக் கரண்டே உயிர். பெட்ரோல் பம்ப், காயில், இன்ஜெக்டர், ஈசியூ எல்லாம் சேர்ந்து 12 முதல் 15 ஆம்பியர் இழுக்கும். ஆல்டர்னேட்டர் போனபின் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று தாளில் கணக்குப் போடாதீர்கள். தரையில் கட்டிவைத்து, ஆல்டர்னேட்டரை அணைத்து, எஞ்சின் தடுமாறும்வரை ஓட்டி நேரம் பாருங்கள். அந்த நேரத்தில் பாதியைத்தான் நம்ப வேண்டும். மெயின் ரிலே ஒன்றே ஒன்று இருந்தால் அதைத் தாண்டி நேராகக் கரண்ட் கொடுக்க ஒரு சுவிட்ச் வையுங்கள். எஞ்சினுக்கு எர்த் பட்டை இரண்டு, இரண்டு வேறு போல்டில்.

நம் ஊர் வெயிலில் கார்புரேட்டரில் பனி பிடிக்கும் என்கிறார்களே, நம்புவதா?

நம்புங்கள். பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று குறுகிய வாயில் விரையும்போதும் கார்புரேட்டருக்குள் வெப்பம் 20 டிகிரிக்கும் மேல் விழும். வெளியே 24 டிகிரி, காற்றில் ஈரம் 90 சதவீதம் என்கிற மார்கழிக் காலையில், இறங்குவதற்காகத் திராட்டிலைக் குறைத்தால் தகட்டின் ஓரத்தில் பனி கட்டத் தொடங்கும். பனிக்குக் குளிரைவிட ஈரம்தான் முக்கியம். ஈரத்துக்கு நம் கரையில் எப்போது குறை? எத்தனால் ஆவியாக இன்னும் அதிகச் சூட்டை இழுத்துக்கொள்வதால் இ20இல் இது கூடத்தான் செய்யும். எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றித் தகரக் கூடு போட்டு, அங்கிருந்து சூடான காற்றை எடுக்கும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும். இறங்கத் திராட்டிலைக் குறைக்கும் முன்பே அதைத் திறந்துவிடுங்கள்.

சித்திரை, வைகாசியில் பிரச்சினை தலைகீழ். நிறுத்திவைத்த எஞ்சினின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, பம்ப் வெறும் காற்றை இழுக்கும். பம்பை டேங்குக்குப் பக்கத்தில், தாழ்வாக வையுங்கள். மிச்சம் டேங்குக்கே திரும்பும் குழாய் போடுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் போகும் குழாய்க்கு நெருப்புக் காப்புறை போடுங்கள்.

தரையில் சூடு ஏறவில்லை, ஏறும்போது மட்டும் ஏறுகிறது. ரேடியேட்டரைப் பெரிதாக்கலாமா?

முதலில் காற்று எங்கே போகிறது என்று பாருங்கள். இருட்டிய பிறகு கவுலிங்குக்கு உள்ளே ஒரு விளக்கை வைத்து முன்பக்கத் துளை வழியாகப் பாருங்கள். தடுப்புத் தகடுகளின் ஓரத்தில் எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் காற்று, சிலிண்டரின் குளிர்விப்புத் துடுப்புகளையும் ரேடியேட்டரையும் தொடாமலே ஓடிப்போகிறது. அதை சிலிக்கோன் ரப்பர் பட்டையால் அடைத்தாலே நிறைய மாறும். அடுத்தது வெளியேறும் வாய். உள்ளே வரும் வாயை எவ்வளவு பெரிதாக்கினாலும், வெளியே போக வழி குறுகலாக இருந்தால் பயனில்லை.

ஊற்றும் தண்ணீர் முக்கியம். கரையோர போர் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கிறது. அது அலுமினிய ஹெட்டை உள்ளிருந்தே தின்னும். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் சரிபாதி. மூடியின் அழுத்தம் 0.9 பார் இருந்தால் இந்தக் கலவை சுமார் 125 டிகிரி வரை கொதிக்காது. மூடி பழசானால் அந்தக் காப்பு போய்விடும், அதனால் மூடியை வருடா வருடம் மாற்றுங்கள்.

தண்ணீர் முழுவதும் ஒழுகிவிட்டால் தண்ணீர் வெப்பமானி ஆவியைத் தொட்டுக்கொண்டு சாதாரணமாகவே காட்டும். ஹெட்டின் உலோகத்திலேயே ஒரு வெப்பமானியும், கூலன்ட் அழுத்தத்துக்கு ஒரு மீட்டரும் வைத்தால்தான் சமயத்தில் தெரியும்.

முதல் ஓட்டம் எப்படி?

வாலைக் கான்கிரீட்டில் பதித்த வளையத்தில் கட்டுங்கள், சக்கரங்களுக்கு முட்டுக்கொடுங்கள். மணல் தரையில் வேண்டாம். புரொப்பல்லர் மணலை உறிஞ்சித் தன் விளிம்பையே அரித்துக்கொள்ளும். புரொப்பல்லர் சுற்றும் தளத்தின் நேர்ப்பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது. குழந்தைகளைக் காம்பவுண்டுக்கு வெளியே அனுப்பிவிடுங்கள், வேடிக்கை பார்க்க வந்த மாமாவையும் சேர்த்து.

அதற்கு முன்பே பெட்ரோல் வரத்தைச் சோதித்துவிட வேண்டும். 80 குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 27 லிட்டர் இ20 செலவாகும். பம்ப் வைத்த ஏற்பாடு அதில் 125 சதவீதமும், பம்ப் இல்லாமல் மேலிருந்து இறங்கும் ஏற்பாடு 150 சதவீதமும் தர வேண்டும். மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி, டேங்கில் கொஞ்சமே பெட்ரோல் வைத்து, கார்புரேட்டருக்குப் போகும் முனையைக் கழற்றி 1 லிட்டர் குடுவையில் பிடியுங்கள். பம்ப் என்றால் 107 விநாடிக்குள் நிறைய வேண்டும், இறக்கம் மட்டும் என்றால் 89 விநாடிக்குள். நிறையவில்லை என்றால் டேங்கின் காற்றுத் துளையைப் பாருங்கள், பிறகு வடிகட்டி, பிறகு குழாயின் விட்டம்.

ஆயிலை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது?

கிலோமீட்டர் கணக்கை மறந்துவிடுங்கள், மணிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 25 மணிக்கு ஒருமுறை, அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அது.

ஒவ்வொரு முறையும் பில்டரை வெட்டிப் பாருங்கள். இதற்கு ரம்பம் கூடாது. ரம்பத் தூளையே எஞ்சின் தூள் என்று நினைத்துப் பயப்படுவீர்கள். வளைத்து வெட்டும் கட்டர் லேத் பட்டறையிலேயே செய்துவாங்கலாம். உள்ளே உள்ள மடிப்புக் காகிதத்தை வெட்டியெடுத்து, வைஸில் அழுத்தி ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெயிலில் விரித்து ஒவ்வொரு மடிப்பாகப் பிரியுங்கள். நுண்ணிய மினுமினுப்பு புது எஞ்சினில் இருக்கும். செதில் செதிலாக இருந்தால் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்பு: கேம், டேப்பெட், ரிங். ஒட்டாமல் வெள்ளையாக இருந்தால் பிஸ்டன் அல்லது கேஸின் அலுமினியம். தாமிர நிறம் தெரிந்தால் பேரிங் மேல்பூச்சைத் தாண்டிவிட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும். காகிதத்தைத் தேதி எழுதி உறையில் போட்டு வையுங்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கம்ப்ரஷன் சோதனை போதாதா, லீக்-டவுன் எதற்கு?

கம்ப்ரஷன் மீட்டர் கோளாறு இருக்கிறது என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. லீக்-டவுனில் பிஸ்டனை மேலே நிறுத்தி 80 பிஎஸ்ஐ காற்றை உள்ளே விடுகிறோம். எவ்வளவு தாங்குகிறது என்பதை விட, காற்று எந்த வழியாக ஓடுகிறது என்று காதை வைத்துக் கேட்பதுதான் முக்கியம். எக்ஸாஸ்ட் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் என்றால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். காற்றுவிடும்போது பிஸ்டன் நழுவினால் புரொப்பல்லர் சட்டென்று திரும்பிக் கையை முறிக்கும். ஒருவர் புரொப்பல்லரைப் பிடித்துக்கொள்ளாமல் இதைச் செய்யாதீர்கள்.

மழைக்காலம் முழுக்கச் சும்மாதான் நிற்கும். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட்டினால் போதுமா?

அதுதான் செய்யக்கூடாதது. பெட்ரோல் எரிந்தால் நீராவி வரும், அதில் கொஞ்சம் ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் 90 டிகிரிக்குமேல் ஏறிக் கொஞ்ச நேரம் நின்றால்தான் அது வெளியேறும். ஐந்து நிமிட ஓட்டத்தில் தண்ணீர் சேரும், போகாது. கையால் புரொப்பல்லரைச் சுற்றிவிடுவதும் தவறு. சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும் ஆயிலை ரிங் வழித்துவிடும், உப்பு ஈரத்துக்கு வெறும் இரும்பு கிடைக்கும்.

இங்கே கட்டுபவர்களில் பெரும்பாலோருக்கு விமானம் பறக்கும் நேரத்தைவிட நிற்கும் நேரம்தான் அதிகம். அதனால் இதை எஞ்சின் வேலையிலேயே முக்கியமானதாக நினைக்கிறேன். புரட்டாசி முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்: நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, பழைய ஆயிலை வடித்து, துருத்தடுப்பு ஆயில் ஊற்றி மறுபடி ஓட்டுங்கள். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் அதே ஆயிலைத் தெளியுங்கள். பிளக் துளையில் சிலிக்கா ஜெல் அடைத்த மூடி போடுங்கள். நீலமாக இருக்கும் மணிகள் வெளுத்து இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள். கார்புரேட்டர் வாய், எக்ஸாஸ்ட் வாய், ஆயில் மூச்சுக்குழாய் மூன்றையும் அடைத்து, "அடைத்திருக்கிறது" என்று சிவப்புத் துணியைப் புரொப்பல்லரில் கட்டுங்கள். டேங்கை வடித்துவிடுங்கள்; இ20ஐ மழைக்காலம் முழுக்கத் தேக்கி வைக்காதீர்கள். 2011 டிசம்பரில் தானே புயல் நம் கரையில் ஏறியபோது என்ன ஆனது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கொட்டகையின் கூரையை நம்பாமல் விமானத்தையும் தரையில் பதித்த வளையத்தில் கட்டுங்கள்.

உப்பைப் பற்றிச் சந்தேகம் வந்தால் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் பார்க்கும் மெக்கானிக்குகளிடம் கேளுங்கள். அலுமினியத்தில் ஸ்டீல் போல்டை உலர்ந்தபடி முறுக்கினால் என்ன ஆகும், பேட்டரி முனையை எப்படிப் பூசி மூடுவது என்பதெல்லாம் அவர்களுக்கு அன்றாடப் பாடம்.

இதையெல்லாம் முடித்தால் பறந்துவிடலாமா?

டிஜிசிஏ என்னும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பதிவும் பறக்கும் அனுமதியும் இல்லாமல் கூடாது. 1934ஆம் வருட விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதிநியம் நடைமுறையில் இருக்கிறது. மும்பையில் வீட்டு மொட்டைமாடியிலேயே விமானம் கட்டிய அமோல் யாதவுக்குப் பல ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு 2017இல் பதிவும், 2019இல் பறக்கும் அனுமதியும் கிடைத்தன. வழி நீளம்தான், ஆனால் வழி இருக்கிறது. கட்ட ஆரம்பிக்கும் முன்பே எழுதிக் கேளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தேதி, புகைப்படம், வாங்கிய ரசீது என்று பதிவேடு வையுங்கள். பின்னால் கேட்கும்போது உருவாக்க முடியாது.

மர புரொப்பல்லருக்குத் தனிக் கவனிப்பு உண்டா?

உண்டு. மரம் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். ஐப்பசியில் சரியான முறுக்கில் இருந்த போல்டு பங்குனியில் தளர்ந்திருக்கும். தளர்ந்த புரொப்பல்லர் ஹப்பின் மேல் உரசிச் சூடாகி மரத்தைக் கருக்கும், பிறகு போல்டை வெட்டும். 25 மணிக்கு ஒருமுறையும், பருவம் மாறும்போது ஒருமுறையும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். இக்னிஷனை அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். முறுக்கிய பின் லாக் கம்பி கட்டி, இரண்டு நுனியின் தடமும் ஒன்றாக இருக்கிறதா என்று தரையில் ஒரு கட்டையை ஊன்றி அளந்து பாருங்கள். மூன்று மில்லிமீட்டருக்குமேல் வித்தியாசம் இருந்தால் தளர்த்தி, எதிரெதிர்ப் போல்டாக மறுபடி முறுக்குங்கள்.